வலரிக்கு முன்னால் ஒரு சொல்

மகேந்திரராஜா என்ற பெயரைப் பிரெனன்ஸ் கிராஸிங்கில் ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. இறைச்சி ஆலையின் சூப்பர்வைசர் அதை ‘மாஹி’ என்று வெட்டி வைத்திருந்தான். டொக்டரிடம் போனால் வரவேற்பறைப் பெண் ‘மிஸ்டர் எம்’ என்று கூப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்வாள். கூரி சனம்தான் அந்தப் பெயரின் வாலைப் பிடித்து ‘ராஜா’ என்றார்கள். அந்தப் பக்கத்துப் பழங்குடிகள் தங்களைக் கூரி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ராஜா என்றால் என்ன அர்த்தம் என்று, அவர்களின் சமூக சென்டரை நடத்துகிற மெர்ல் அன்ரி ஒருநாள் கேட்டார். சொன்னதும் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“வெள்ளைக்கார ராஜாவின்ட ஆக்கள் துவக்கோட இந்த ஆத்தங்கரைக்கு முந்தியும் வந்தவை. கூட்டுற தும்புத்தடியோட வந்த ராஜா நீ ஒராள்தான்.”

மெர்ல் அன்ரி பேசுவது இங்கிலீஷ். ஆனால் பல வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, மகேந்திரராஜாவின் காதுக்குள் விழும்போதே அது வன்னித் தமிழாக மாறிவிடும். மாறினால்தான் அவருக்குப் பதில் வரும்.

ஐம்பத்து நான்கு வயது. வன்னியில் இருந்து அகதியாகக் கப்பலில் வந்தவர். நகரத்துக்கு வெளியே போய் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விசா தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, சிட்னியில் இருந்து மேற்கே காரில் ஆறு மணித்தியாலத் தொலைவில் இருந்த இந்த ஊருக்கு பஸ் ஏறினார். மரக்கறி மட்டும் சாப்பிட்டு வளர்ந்த மனுஷன், உரித்த ஆடுகளைத் தோளில் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். மூன்றாம் வருஷம் தோள் போயிற்று. கையைத் தூக்க முடியாதவனை வைத்து ஆலை என்ன செய்யும்? வாடகை அறையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வவுனியாவில் பிள்ளையோடு இருந்த மனைவி சத்தியபாமாவுக்குத் தோள் விஷயத்தைச் சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் எப்போதும் கழுத்துக்கு மேலேயே காட்டினார்.

அப்போதுதான் கூரி சனத்தின் சென்டரில் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனார். போனவரை மெர்ல் அன்ரி மேலும் கீழும் பார்த்தார்.

“பஸ் ஓடுவியோ?”

“ஊரிலை லொறி ஓடினனான்.”

“அப்ப எங்கட சனத்தையும் ஏத்தலாம்.”

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

அந்தக் கட்டடம் முன்னொரு காலத்தில் சினிமாத் தியேட்டர். அதனால் தரை சரிவாக இருக்கும். கூட்ட ஆரம்பித்தால் குப்பை தானாகவே முன்பக்கம் போகும். அந்த வசதியை வேறு எந்த மண்டபத்திலும் அவர் கண்டதில்லை. புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை போடும்போது ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைக்க வேண்டும். மறந்தால் சூப் கோப்பை மெல்ல மெல்ல நகர்ந்து பக்கத்து ஆளிடம் போய்விடும். கூட்டக் கூட்டத்தான் கட்டடத்தின் கதையும் அவருக்குத் தெரியவந்தது. தரையில் ஒரு வரிசையாகப் பித்தளை வளையங்கள் பதிந்திருந்தன. தும்புத்தடி ஒவ்வொரு நாளும் அதில் சிக்கும். பிடுங்கிவிடவா என்று கேட்டார்.

“தொடாதை,” என்றார் மெர்ல் அன்ரி. “அதிலைதான் கயிறு கட்டியிருந்தது. கயித்துக்கு முன்னாலை, திரைக்குக் கிட்ட, நாங்கள். பின்னாலை வெள்ளைக்காரர். படம் முடிஞ்சு எங்களுக்குக் கழுத்து நோகும். படத்திலை வாற ஆளின்ட மூக்குத்துளை மட்டும் நல்லாத் தெரியும்.”

டெலிவிஷன் வந்து தியேட்டர் படுத்துவிட்டது. பூட்டிக் கிடந்த அதை 1974இல் நான்கு கூரிப் பெண்கள் குத்தகைக்கு எடுத்தார்கள். ஜோய்ஸ், பெவ், வலரி, மெர்ல். மெர்ல்தான் கடைசி, இருபத்தொரு வயது. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை, பசியோடும் அழுக்கோடும் வந்ததென்று வாத்திமார் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம். நான்கு பெண்களும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைத் திறந்து, அதற்குள்ளால் கஞ்சியும் பாணும் கொடுத்தார்கள். முன்பு அதே ஜன்னலில் கடைசியாக நின்றுதான் டிக்கெட் வாங்கினார்கள். கழிவறையில் தண்ணீர் சூடாக்கிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். அதுதான் தொடக்கம். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு டொக்டர் வந்தார். பிறகு வழக்கறிஞர் வந்தார். செத்த வீடுகளுக்குப் போக ஒரு பஸ் வந்தது. தொண்ணூறுகளில் அரசாங்கம் காசை நிறுத்தி இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது, புறாக்கள் குடியேறின. மெர்ல் அன்ரியும் ஜோய்ஸ் அன்ரியும் புறா எச்சத்தைச் சுரண்டித் திரும்பவும் திறந்தார்கள். பெவ் அன்ரி அதற்குள் போய்விட்டார். ஜோய்ஸ் அன்ரி மகேந்திரராஜா பஸ் ஓட்டத் தொடங்கிய வருஷம் போனார். அவரின் செத்த வீட்டுக்குச் சனத்தை ஏற்றி இறக்கியதுதான் அவருடைய முதல் பெரிய ஓட்டம்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம்.

அன்ரி என்ற சொல் அங்கும் உண்டு, நம்மிடமும் உண்டு. சிட்னியில் நம் சனம் நிறைந்த மெரிலேண்ட்ஸில் சாமான் கடையில் காசு வாங்குகிறவர் அன்ரி. சிநேகிதனின் தாய் அன்ரி. கோயிலில் வரிசையில் முந்துகிறவரும் அன்ரிதான். திட்டும்போதுகூட அந்தச் சொல்லை விடமாட்டோம். தலை நரைத்தால் போதும், சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். சென்டருக்குப் போன முதல் நாளே எல்லாரும் மெர்ல் அன்ரி, ஜோய்ஸ் அன்ரி என்று கூப்பிடுவதைக் கேட்டபோது மகேந்திரராஜாவுக்கு நெஞ்சுக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது. அட, எங்கட சனம் மாதிரி என்று நினைத்தார்.

நினைத்தது பாதிதான் சரி. கூரிகளிடம் நரைத்தால் மட்டும் அன்ரி ஆகிவிட முடியாது. சனம் ஒருவரைப் பல வருஷம் பார்த்து, மனம் ஒத்து, கொடுக்கிற சொல் அது. கொடுத்ததால் எடுக்கவும் முடியும். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமே அல்ல.

ஆகவே ரயில்வே ஸ்ட்ரீட்டுக்குப் புதன்கிழமைச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுபோன முதல் நாள், கதவைத் திறந்த மெலிந்த கிழவியிடம் அவர் வாய் நிறையச் சொன்னார்: “குட் ஆஃப்டர்நூன், அன்ரி.”

கிழவி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“நீ புதுசோ?”

“ஓம், அன்ரி.”

“அதுதானே,” என்றார்.

அதுதான் வலரி. நால்வரில் ஒருவர். சென்டருக்கு ஏன் வருவதில்லை என்று மகேந்திரராஜா கேட்டதில்லை. முழங்கால் வருத்தம் என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். புதனுக்குப் புதன் பெட்டியைக் கொடுப்பார். வலரி அன்ரி தேத்தண்ணி ஊற்றுவார். குசினிக் கதிரையில் இருந்து குடித்துவிட்டு, “போட்டு வாறன், அன்ரி” என்பார். ஒரு குளிர்காலத்தில் அவருக்கு இருமல் வந்தபோது வலரி அன்ரி ஒரு போத்தல் யூக்கலிப்டஸ் எண்ணெய் கொடுத்து, “நெஞ்சிலை பூசு, குடிச்சுக் கிடிச்சுப் போடாதை” என்றார். இப்படி ஆறு வருஷம்.

சென்டரின் ஐம்பதாவது வருஷம் வந்தது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு பெண்களின் பெயரையும் டைல்ஸில் எழுதிப் பதிப்பதென்று கமிட்டி முடிவு செய்தது. மெர்ல் அன்ரி அந்த நேரம் கண் ஒப்பரேஷனுக்குச் சிட்னிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். ரயில் நிலையத்தில் இறக்கிவிட்ட மகேந்திரராஜாவிடம் ஜன்னலால் தலையை நீட்டிச் சொன்னார்:

“டபோ டவுனுக்குப் போகேக்கை டைல்ஸ்காரியிட்டை எங்கட நாலு பேரின்ட பேரையும் குடு. மரியாதையாப் போடச் சொல்லு, என்ன? நான் வாறதுக்குள்ள ஒட்டிப்போடு.”

டைல்ஸ்காரி இளம் பெண். பெயர்களை எழுதிக்கொண்டு, “வெறும் பேர்தானா?” என்று கேட்டாள்.

“என்ன கதை கதைக்கிறியள்? நாலு பேருக்கும் முன்னாலை அன்ரி போடுங்கோ,” என்றார் மகேந்திரராஜா. அவளுக்கு மரியாதை தெரியவில்லையே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நீல எழுத்தில் நான்கு டைல்ஸ் வந்தன. தோள் நோக நோக, நூல் பிடித்து, மட்டம் பார்த்து, ஒரு முழுப் பகல் நின்று பதித்தார். பசை காய்ந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் தூர நின்று பார்த்தார். அந்த ஊரில் அவர் கையால் செய்த எதுவும் அதற்கு முன் ஒரு சுவரில் இருந்ததில்லை. ஃபோனில் படம் எடுத்துச் சத்தியபாமாவுக்கு அனுப்பினார். அடுத்த நாள் புதன்கிழமை. பெட்டியோடு ஃபோனையும் நீட்டினார்.

வலரி அன்ரிக்குக் கண் மங்கல். ஃபோனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு தள்ளிப் பிடித்து, கடைசியில் அவரிடமே கொடுத்தார்.

“வாசி.”

“அன்ரி ஜோய்ஸ். அன்ரி பெவ். அன்ரி வலரி. அன்ரி மெர்ல்.”

“மூண்டாவதை வாசி.”

“அன்ரி வலரி.”

சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதை இறக்கவில்லை.

“மெர்ல் சொன்னவளோ அப்பிடிப் போடச் சொல்லி?”

“ஓம். அவதான் மரியாதையாப் போடச் சொன்னவ.”

“மெர்ல்?”

“மெர்ல் அன்ரிதான்.”

வலரி அன்ரி எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினார். சட்டியை இறக்கித் தேத்தண்ணி ஊற்றினார். பிறகு கேட்டார்: “சனிக்கிழமை விழாவுக்கு பஸ் இந்த வழியா வருமோ?”

“உங்களுக்கில்லாத பஸ்ஸோ!” என்றார் மகேந்திரராஜா.

மெர்ல் அன்ரி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது, வியாழனே வந்துவிட்டார். ஒரு கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி. நேராகச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். மகேந்திரராஜா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, பாராட்டு வரும் என்று காத்திருந்தார்.

“இதென்ன?”

“டைல்ஸ், அன்ரி.”

“குருடி எண்டு நினைச்சியோ? மூண்டாவது என்ன எண்டு கேக்கிறன். ஆர் இவளை அன்ரி எண்டு சொன்னது?”

“நான்தான்...”

“நீ ஆர் சொல்லுறதுக்கு?”

அவருக்கு விளங்கவில்லை. நிலத்தைப் பார்த்தார். மெர்ல் அன்ரி கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தார். சரிவுத் தரையில் கதிரை கொஞ்சம் முன்னால் வழுக்கியது. அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

“தொண்ணூறிலை ஒரு சனிக்கிழமை பப்பிலை அடிபாடு. எங்கட பொடியள் ஓடிவந்து இதுக்குள்ள பூந்திட்டாங்கள். என்ட தம்பி டொனியும். பொலிஸ் வந்தது. நாங்கள் எல்லாரும் முன்கதவைப் பூட்டிப்போட்டு வாசலிலை கைகோத்துக்கொண்டு நிண்டனாங்கள். கிழவியளும் பொம்பிளையளும். அவங்களுக்கு எங்களைத் தள்ளிக்கொண்டு வரத் துணிவில்லை. பின்கதவுச் சாவி வலரியிட்டை.”

மகேந்திரராஜா பின்கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“பொலிசுக்குத் திறந்துவிட்டவள். டொனி மூண்டு வருசம் உள்ளுக்கை. வெளியிலை வந்தவன் டொனி இல்லை. ஒருநாள் ரயில் ஏறிப் போனவன்தான். எந்த ஊரிலை கிடக்கிறான், உயிரோட இருக்கிறானோ, ஒண்டும் தெரியாது.” மெர்ல் அன்ரி கண் மூடியைத் தொட்டுப் பார்த்தார். “நாங்கள் அவளுக்கு ஒண்டும் செய்யேல்லை. கல்லெறியேல்லை. ஊரை விட்டுப் போ எண்டு சொல்லேல்லை. சாப்பாடும் குடுக்கிறம்தானே? ஒண்டே ஒண்டுதான். அந்தச் சொல்லை எடுத்துப்போட்டம். முப்பத்து நாலு வருசமா இந்த ஊரிலை ஒரு கூரியும் அவளை அன்ரி எண்டதில்லை. அவளின்ட பேர் சுவரிலை வரட்டும் எண்டுதான் சொன்னனான்; தொடங்கினதிலை அவளும் ஒராள், அது பொய்யில்லை. ஆனா அந்தச் சொல்லை நீ எப்பிடிக் குடுப்பாய்?”

“எனக்குத் தெரியாது, அன்ரி. எங்களுக்கு வயசானவை எல்லாரும்...”

“உங்களுக்கு எல்லாரும் அன்ரி. கடைக்காரியும் அன்ரி. தெரியும், தெரியும். உடைச்சு எடு.”

மகேந்திரராஜா பயந்தது டைல்ஸுக்காக அல்ல. ரயில்வே ஸ்ட்ரீட்டுக்காக. மெர்ல் சொன்னதாகத் தானே வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த மனுஷி சனிக்கிழமை உடுப்பை ஸ்திரி போட்டு வைத்திருப்பார்.

“அன்ரி, நான்... அவவிட்டைச் சொல்லிப்போட்டன். நீங்கள்தான் போடச் சொன்னதெண்டு.”

மெர்ல் அன்ரி மூடாத கண்ணால் அவரைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அலுப்புத்தான் இருந்தது.

“அப்ப நீதான் போய்ச் சொல்லு. நான் சொல்லேல்லை எண்டு.”

அன்று பின்னேரம் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது மெரிலேண்ட்ஸில் இருந்து சுகிர்தன் அழைத்தான். ஒரே கப்பலில் வந்தவன். இப்போது டயர்க் கடையில் வேலை. மகேந்திரராஜாவுக்கு நிரந்தர விசா கையில் கிடைத்த நாளில் இருந்து, சிட்னிக்கு வாங்கோ என்று வாரம் தவறாமல் ஒரே பாட்டு.

“என்ன ராஜாண்ணை, சாம்ராச்சியம் எப்பிடி?”

மகேந்திரராஜா நடந்ததைச் சொன்னார்.

“விசரே உங்களுக்கு? அவையின்ட சண்டைக்குள்ள போய் ஏன் தலையைக் குடுக்கிறியள்? அறை கிடக்கு. வாங்கோ. அண்ணியும் பிள்ளையும் வந்து இறங்கேக்கை அந்தக் காட்டுக்குள்ளையே கொண்டுபோய் வைக்கப் போறியள்? இஞ்சை இடியப்பம் வாங்கலாம். கோயில் கிடக்கு. ஒருத்தரும் உங்களை அன்ரி எண்டு ஏன் சொன்னனீ எண்டு கேக்கமாட்டினம்.”

“ம்.”

“என்ன ம்?”

“அலுப்பாக் கிடக்கடா.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

ஃபோனை வைத்த பிறகும் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சுகிர்தன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுத்துப் புறப்பட்டால் யார் தடுப்பார்கள்? ஆனால் அவருடைய ஊரிலும் ஒரு சொல் இருந்தது. துரோகி. ஒருவனின் பெயருக்கு முன்னால் அது வந்துவிட்டால் அவனுடைய வீட்டுக்குத் தண்ணீர் அள்ளக்கூட ஒருவரும் போகமாட்டார்கள். பிறகு அவனே இருக்கமாட்டான். அவன் உண்மையில் என்ன செய்தான், ஏன் செய்தான் என்று கேட்கிறவனுக்கும் அதே சொல் வரும். அங்கே பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துத் தண்டித்தார்கள். இங்கே ஒரு சொல்லை எடுத்துவிட்டு, புதன்கிழமைக்குப் புதன்கிழமை சாப்பாடு அனுப்பினார்கள். எது பெரிது, எது சிறிது என்று நிறுக்க அவருக்குத் தெம்பில்லை. தண்ணீரை மூடினார். இரண்டு தெரு தள்ளித்தானே என்று நடந்தே போனார்.

வலரியின் வீட்டுக் கொடியில் கடல்நீலக் கோட் ஒன்று காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பூச்சி உருண்டை மணம் வாசல் வரை வந்தது.

“இண்டைக்குப் புதன் இல்லையே,” என்றார் கிழவி.

மகேந்திரராஜா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். மெர்ல் சொல்லவில்லை, தான்தான் சொன்னது, தனக்கு விஷயம் தெரியாது, டைல்ஸைக் கழற்றப் போகிறது. இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“காணும், காணும்,” என்றார் வலரி. “எனக்குத் தெரியும். மெர்ல் அப்பிடிச் சொல்லுற ஆள் இல்லை. நீ வாசிக்கேக்கையே தெரியும்.”

“பிறகேன்...”

“பிறகேன் நம்பினனான் எண்டோ? நம்ப ஆசையாயிருந்துது. நேற்று நல்லா நித்திரை கொண்டனான், பொடியா. அதை ஏன் கெடுப்பான்?”

கோட்டைக் கொடியில் இருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினார். மடித்ததைத் திரும்ப விரித்தார்.

“அண்டைக்கு இரவு சென்டருக்குள்ளை சின்னனுகள் படுத்திருந்ததுகள். மெர்லின்ட பிள்ளையும் அதுக்குள்ள. பொலிஸ் பின்பக்கம் நாயளோட நிண்டவங்கள். கதவை உடைச்சு நாயை விட்டா, அது முதலிலை ஆரைப் பிடிக்கும்? பெரியவனையோ, படுத்துக்கிடக்கிற குழந்தையையோ?” அவர் யாரிடமும் கேட்கவில்லை. “அப்பவே சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்லை. டொனி போனாப்பிறகு எனக்கே அதைச் சொல்ல வாய் வரேல்லை. அவன் போனது போனதுதானே.”

“மெர்ல் அன்ரியிட்டை நான் சொல்லட்டோ?”

“அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏலாமல் கிடக்கு. அதுவும் எனக்கு விளங்கும். நீ அதுக்குள்ள பூராதை.” பிறகு விரலை நீட்டினார். “இண்டையோட என்னை அந்தச் சொல்லாலை கூப்பிடாதை. உன்ர வேலை போகும். வலரி எண்டு சொல்லு.”

மகேந்திரராஜா வாசல் பக்கம் நகர்ந்தார்.

“சொல்லு, பாப்பம். வலரி.”

எழுபத்தெட்டு வயது மனுஷியை எப்படி வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அவருடைய தாய்க்கும் அந்த வயதுதான் இருந்திருக்கும். “ஏலாது,” என்றார் தமிழில். கிழவிக்கு அது விளங்கியதோ என்னவோ, கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை உளியும் சுத்தியலும் எடுத்தார். மூன்றாவது டைலை மட்டும் கழற்றினால் சுவரில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்குமே என்று யோசித்துக்கொண்டு நின்றபோது மெர்ல் அன்ரி வந்தார்.

“சொன்னியோ?”

“ஓம்.”

“என்ன சொன்னவள்?”

நாய்களைப் பற்றிச் சொல்ல வாய் துடித்தது. பூராதை என்று கிழவி சொன்னது ஞாபகம் வந்தது. “புதன் இரவு நல்லா நித்திரை கொண்டவவாம்,” என்றார்.

மெர்ல் அன்ரி சுவருக்குக் கிட்டப் போனார். தன் பெயரைத் தானே வாசித்தார். ஜோய்ஸின் பெயரை விரலால் தடவினார். ஒரு ட்ரக் வெளியே போனது; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

“நாலையும் எடு,” என்றார்.

“நாலையுமோ?”

“எழுபத்து நாலிலை எனக்கு இருபத்தொண்டு. வலரிக்கு இருபத்தெட்டு. கஞ்சியை அடிப்பிடிக்க விட்டுப்போட்டு ரேடியோவுக்கு ஆடிக்கொண்டு நிண்டனாங்கள். அப்ப நாங்கள் ஆருக்கும் அன்ரி இல்லை. பெட்டையள். ஜோய்ஸ், பெவ், வலரி, மெர்ல். அவ்வளவுதான்.” திரும்பி அவரைப் பார்த்தார். “இதை மன்னிப்பு எண்டு போய்ச் சொல்லிப்போடாதை. நீ சொல்லக்கூடிய ஆள். இது மன்னிப்பு இல்லை. பேர்.”

மகேந்திரராஜா நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். ஒரு டைலும் முழுதாக வரவில்லை. நான்கும் நான்கு விதமாக உடைந்தன. பூச்சும் சேர்ந்து பெயர்ந்து சுவர் சொறி பிடித்த மாதிரி ஆயிற்று. தோள் மூட்டில் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. சீமெந்து பூசினார். புது டைல்ஸுக்கு நேரம் இல்லை என்றதும் மெர்ல் அன்ரி நீலப் பெயின்றும் பிரஷும் கொண்டுவரச் சொன்னார். பூச்சு சரியாகக் காயக்கூட விடவில்லை. ஒற்றைக் கண்ணோடு தானே எழுதினார். மகேந்திரராஜா பெயின்ற் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்து ஏறி இறங்கி, பெவ் கொஞ்சம் சிறுத்து, மெர்ல் சுவரின் ஓரத்தில் இடம் போதாமல் நெருங்கியது. வலரியில் பிரஷ் ஒருமுறை நின்றது. பெயின்ற் ஒரு கோடாக ஒழுகியது. மெர்ல் அன்ரி அதைத் துடைக்கவில்லை. மேலே எழுதிக்கொண்டு போனார்.

“நல்லாயிருக்கோ?”

“கோணல்.”

“கோணல்தான்,” என்று பிரஷை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பஸ் நிறைந்திருந்தது. பூப்போட்ட சட்டைகள், வாசனைத் திரவியம், முன் சீட்டில் ஒரு குழந்தை பலூனை ஊதுவதும் விடுவதுமாக. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மகேந்திரராஜா ரயில்வே ஸ்ட்ரீட்டுக்குத் திருப்பினார். பின்னால் பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கி வந்ததைக் கண்ணாடியில் பார்க்காமலே அறிந்தார். யாராவது திருப்பு என்று சொல்லிவிடுவார்களோ என்று காது கூசியது. ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் அவரைப் பாராட்டவும் இல்லை.

வலரி கேற்றடியில் நின்றிருந்தார். கடல்நீலக் கோட். கையில் ஒன்றுமில்லை. பஸ் வரும் என்று நம்பி நின்றாரா, அல்லது போகிறதைப் பார்க்க நின்றாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

கதவு சீறித் திறந்தது. முழு பஸ்ஸும் கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் என்ன சொல்லப் போகிறான்? பழைய சொல்லைச் சொன்னால் பின்னால் இருக்கிற சனத்தின் முகத்தில் அடித்த மாதிரி. வெறும் பெயரைச் சொன்னால் முன்னால் நிற்கிற மனுஷியின் முகத்தில். இங்கிலீஷில் மூன்றாவது வழி அவருக்குத் தெரியவில்லை. கைப்பிடியைப் பிடிக்கக் கிழவியின் கை தடவிக்கொண்டு வந்தது.

மகேந்திரராஜா சீட்டில் இருந்து எழும்பி, நல்ல தோளை நீட்டிக் கையைக் கொடுத்தார்.

“வாங்கோ,” என்றார்.

“என்ன சொன்னனீ?”

“எங்கட பாஷை. வரச் சொன்னனான்.”

“பேர் ஒண்டும் அதுக்குள்ள இல்லையே?”

“இல்லை. தேவையில்லை.”

அவருக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. பெயரும் சொல்லாமல், முறையும் சொல்லாமல், வினையின் வாலிலேயே ஒரு மனுஷியை மரியாதையாக இருத்திவைக்க முடியும் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

வலரி ஏறினார். நடுப்பாதையில் நின்று இடம் தேடினார். யாரும் எழும்பவில்லை, யாரும் முகத்தைத் திருப்பவும் இல்லை. நான்காவது வரிசையில் ஒரு பெண் பக்கத்து சீட்டில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலரி அதில் போய் இருந்தார்.

மகேந்திரராஜா கதவை மூடினார். தோள் நொந்தது. சென்டருக்கு இரண்டு தெருத்தான். மேசைக் கால்களுக்கு இன்னும் கட்டை வைக்கவில்லை. கியரைப் போட்டார்.